வாய்விட்டுப் படிக்கிற வீடு

மரக்காணம்
28.1.2024

அன்பு மகள் வினோதினிக்கு அப்பா சுப்ராயன் எழுதுவது. நானே எழுதுவது. இங்கே நானும் உன் அம்மா ஆராயியும் இருக்கிறோம். பெங்களூரில் நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள் என்று தெரிய வேண்டும்.

இது என் கையெழுத்து என்று முதலில் நீ நம்ப வேண்டும். பொங்கலுக்கு வந்தபோது பேரை மட்டும் எழுதிக் காட்டினேன். அதற்கே நீ அழுதாய். இப்போது பார், ஒரு இன்லேண்டு முழுக்க எழுதப் போகிறேன். முதியோர் வகுப்பு எடுக்கிற பிரியங்கா டீச்சர், “எழுத்து வரிசையா நிக்கணும் தாத்தா” என்கிறது. என் எழுத்து ரேஷன் கடையில் நிற்கிற மாதிரிதான் நிற்கும். ஒன்றின் முதுகில் ஒன்று ஏறும். ஆனால் எல்லாம் வந்து சேர்ந்துவிடும்.

போனில் நீ பேசுவது எனக்கு டப்பாவுக்குள் வண்டு மாதிரி கேட்கிறது. காது அவ்வளவு மந்தமாகிவிட்டது. எல்லாரும் என்னிடம் கத்துகிறார்கள். கடிதம் கத்தாது. அதனால் நீ எனக்குக் கடிதம் எழுது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு மனதுக்குள் படிக்க வராது. வாயை மூடினால் எழுத்தும் மூடிக்கொள்கிறது. என் காதுக்கே கேட்கிற அளவுக்குச் சத்தமாகத்தான் படிப்பேன். பஸ்ஸில் உட்கார்ந்து கடைப் பலகையைப் படித்தால் கண்டக்டர் திரும்பிப் பார்க்கிறார். உன் கடிதம் வந்தால் அம்மா தன் பக்கத்தில் உட்கார்ந்துதான் படிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு அம்மாவைக் கூட்டிப் போனோமே, அன்றைக்கு டாக்டர் எங்களை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு உன்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். சிறுநீரகத்தில் கோளாறு என்று நீ வந்து சொன்னாய். மாத்திரை கொடுத்தாய். அதற்கு மேல் என்ன சொன்னார்? அம்மா கேட்கச் சொல்கிறாள்.

நீ வேலை செய்கிற மியூசியத்தில் கண்ணாடி துடைக்கிறேன் என்றாயே, அந்தக் கண்ணாடிக்குள் என்னதான் இருக்கிறது? அதையும் எழுது. இடம் முடிந்துவிட்டது. ஓரத்தில் எழுதுகிறேன்.

அப்பா


பெங்களூரு
9.2.2024

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வினோதினி எழுதுவது. நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். உங்கள் கடிதத்தை அவருக்குக் காட்டினேன். இரண்டு தடவை வாங்கிப் பார்த்தார்.

தெருவே கேட்கும்படி படிப்பீர்கள் என்றால் நான் யோசித்துத்தான் எழுத வேண்டும். அம்மா, மாத்திரையை விடாதே. உப்பு குறைவாகப் போடு. தண்ணீர் டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் வேண்டாம்.

கண்ணாடிக்குள் என்ன என்று கேட்டீர்கள். எல்லாம் பழைய விஞ்ஞானச் சாமான்கள். பக்கத்தில் இருக்கிற பலகைகளில் ஆங்கிலம் நிறைய. எனக்குப் புரியாததைக் கைடு வேலை பார்க்கிற கிருபா சொல்லுவாள். அவள் நம் பக்கத்துப் பெண், பொம்மையார்பாளையம்.

வாசலில் முதல் பெட்டியில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பித்தளைத் தகடு இருக்கிறது. நடுவில் ஒரு துளி கண்ணாடி மணி. அவ்வளவுதான். அசல் வெளிநாட்டில் இருக்கிறதாம், இது அதைப் பார்த்துச் செய்தது. முன்னூறு வருடத்துக்கும் முன்னால் ஹாலந்து நாட்டில் ஒரு துணிக்கடைக்காரர் இந்த மாதிரி மணி வழியாகப் பார்க்கிற பழக்கம் வைத்திருந்தார். ஒரு நாள் ஏரித் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தார். உள்ளே குட்டிக் குட்டி உயிர்கள் நீந்தின. உலகத்தில் அதுவரை அதை யாரும் பார்த்ததில்லை. எழுதி அனுப்பினார், படித்தவர்கள் நம்பவில்லை. ஊர்ப் பெரிய மனிதர்களைக் கூட்டி வந்து பார்க்க வைத்து, அவர்கள் சாட்சி சொன்ன பிறகுதான் நம்பினார்கள்.

இந்தப் பெட்டியைத்தான் காலையில் முதலில் துடைக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வினோதினி


மரக்காணம்
20.2.2024

அன்பு மகளுக்கு அப்பா. நீ நன்றாக இருப்பதாக எழுதியதைப் படித்து நாங்களும் அப்படியே ஆனோம்.

கடிதம் வந்த அன்றைக்கு எங்கள் வாசல் கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. பக்கத்து வீட்டு ஜான்சி மீன் கழுவிய கையோடு வந்து நின்றது. “பெரியப்பா, அந்த நீந்துற எடத்தை இன்னொரு வாட்டி படிங்க” என்று கேட்டது. படித்தேன். எல்லாரும் வாய் திறக்காமல் கேட்டார்கள். என் வாழ்க்கையில் நான் பேசி இத்தனை பேர் சும்மா இருந்தது இதுதான் முதல் தடவை.

அம்மா மட்டும், “அப்போ இத்தினி வருசமா நான் தண்ணின்னு நெனச்சி உசிரைத்தான் குடிச்சிட்டு இருந்தேனா?” என்றாள்.

“நீ குடிச்சா அதுங்க தப்பிச்சிக்கும். பயந்து வெளியே வந்திடும்” என்றேன்.

“இவரு படிக்கக் கத்துக்கிட்டதுல இருந்து வாயும் நீண்டுபோச்சி” என்று ஜான்சியிடம் சொன்னாள்.

அவளுக்குக் காலில் வீக்கம் குறையவில்லை. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது. முகமும் காலையில் கொஞ்சம் உப்பியிருக்கிறது. ராத்திரியில் அடிக்கடி எழுந்து வெளியே போகிறாள். ஆனால் பேச்சு குறையவில்லை.

டாக்டர் சொன்னதை எழுத மறந்துவிட்டாய். அம்மா, “அவ எழுதலன்னா எழுதற மாதிரி ஒண்ணும் இல்லன்னுதான்” என்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எழுது.

அடுத்த பெட்டியில் என்ன இருக்கிறது? ஜான்சியும் கேட்கிறது.

அப்பா


பெங்களூரு
4.3.2024

அன்புள்ள அப்பாவுக்கு, அம்மாவுக்கு, கேட்டுக்கொண்டிருக்கும் ஜான்சி அக்காவுக்கு. இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. எங்களுக்குக் குறையில்லை.

டாக்டர் சொன்னதெல்லாம் மாத்திரைச் சீட்டிலேயே இருக்கிறது அப்பா. அதன்படி நடந்தால் போதும்.

அடுத்த பெட்டியில் ஒரு மரக்குழாய். நம் வீட்டு உலக்கையின் பூண் அளவு தடிமன், ஒரு சாண் நீளம். இருநூறு வருடத்துக்கு முன்னால் பிரான்சு நாட்டில் ஒரு டாக்டர். நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுத்தான் அப்போதெல்லாம் நோய் பார்ப்பார்கள். ஒரு நாள் ஒரு பெண் வந்தாள். அவள் நெஞ்சில் காது வைக்க இவருக்குக் கூச்சம். மேசையில் கிடந்த தாளைச் சுருட்டிக் குழாயாக்கி, ஒரு முனையை அவள் நெஞ்சிலும் ஒரு முனையைத் தன் காதிலும் வைத்தார். காதை நேராக வைப்பதைவிட நன்றாகக் கேட்டது. பிறகு அதையே மரத்தில் கடைந்தார். இப்போது டாக்டர் கழுத்தில் தொங்குவது அந்தத் தாளின் பேரப்பிள்ளை என்று கிருபா சொல்கிறாள்.

அம்மா சாப்பிடுகிறாளா? வாந்தி இருக்கிறதா? படுத்தால் மூச்சு முட்டுகிறதா? இதற்கு மட்டும் தனியாகப் பதில் எழுதுங்கள். அடுத்த மாதம் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளைத் தவற விடாதீர்கள்.

வினோதினி


மரக்காணம்
19.3.2024

அன்பு மகளுக்கும் மாப்பிள்ளைக்கும். வீட்டில் இருவரும் இருக்கிறோம், சிரித்துக்கொண்டு இருக்கிறோம். ஏன் என்று சொல்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் பழைய காலண்டர் தாளைக் கிழித்துச் சுருட்டினேன். அம்மாவின் நெஞ்சில் வைத்தேன்.

“ஜனங்க பாக்குறாங்கய்யா” என்றாள்.

“கூச்சத்துக்குத்தான் இந்தக் குழாயே. கடிதாசில எழுதியிருக்குது” என்றேன்.

என் காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஜான்சியைக் கூப்பிட்டேன். அது காது வைத்துவிட்டுக் கண்ணைப் பெரிதாக்கியது. “பெரியப்பா, உள்ள சோறு கொதிக்கிற மாதிரி கேக்குது.”

அம்மா உடனே, “அப்போ வடிச்சிடு, கொழைஞ்சிடப் போவுது” என்றாள்.

தெருவே சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரித்த பிறகு நெடுநேரம் மூச்சு வாங்கினாள். முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நீ தனியாகக் கேட்டதற்குப் பதில். சாப்பாடு கொஞ்சம்தான் இறங்குகிறது. வாய் கசக்கிறதாம். படுத்தால் முட்டுகிறது, அதனால் மூட்டையில் சாய்ந்து தூங்குகிறாள். இதையும் நான் வாய்விட்டுச் சொல்லித்தான் எழுதுகிறேன். அவள் கேட்டுவிட்டு, “ரொம்ப எழுதாத, பொண்ணு பயந்துடும்” என்கிறாள்.

கண்ணாடி, மரக்குழாய் எல்லாம் எழுதினாய். உப்பளத்தில் வேலை செய்த எனக்குத் தெரிந்தது தண்ணீர். தண்ணீர் சம்பந்தமாக அங்கே ஏதாவது வைத்திருக்கிறார்களா?

அப்பா


பெங்களூரு
2.4.2024

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும். உங்கள் சிரிப்பு இங்கே வரை கேட்டது. அம்மா மூட்டையில் சாய்ந்து தூங்குவதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

தண்ணீர் கேட்டீர்கள். உங்களுக்குப் பழக்கமான சாமானே ஒன்று இருக்கிறது. உப்புப் பாத்தித் தண்ணீரில் உப்பு எத்தனை டிகிரி என்று பார்க்க மேஸ்திரி ஒரு கண்ணாடி மிதவை வைத்திருப்பாரே, கீழே குண்டும் மேலே கோடு போட்ட குச்சியுமாக, அதன் குட்டி. விரல் நீளம்தான். இதைப் பார்த்ததும் நான் கையில் துணியோடு அப்படியே நின்றுவிட்டேன்.

நூறு வருடத்துக்கு முன்னால் டாக்டர்கள் இதை எதில் மிதக்க விட்டார்கள் தெரியுமா? சிறுநீரில். ஜான்சி அக்கா மூக்கைப் பொத்திக்கொள்ளலாம். உப்புத் தண்ணீர் கனக்கக் கனக்க மிதவை மேலே எழும்புவது போலத்தான் இதுவும். சர்க்கரை வியாதி இருந்தால் சிறுநீர் கனத்து மிதவை எழும்பி நிற்குமாம். அதைப் பார்த்து வியாதியைச் சொல்வார்களாம்.

பலகையில் இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கிறது. கிருபா இந்த வாரம் லீவு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் வேறு. அதனால் பாதிதான் எனக்கு விளங்கியது.

ஆஸ்பத்திரி நாளை மறக்க வேண்டாம்.

வினோதினி


மரக்காணம்
16.4.2024

அன்பு மகளே, நல்ல சேதி. இங்கே எல்லாரும் மிகவும் நன்றாக இருக்கிறோம். அம்மா என்னைவிட நன்றாக இருக்கிறாள். சாட்சியோடு சொல்கிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் மேஸ்திரி மண்ணாங்கட்டியின் கண்ணாடி மிதவையைச் சொல்லாமல் எடுத்து வந்தேன். தண்ணீர் பாட்டிலின் கழுத்தை அறுத்து வைத்தேன். அம்மா முதலில், “உனக்குப் புத்தி கெட்டுப்போச்சி” என்றாள். பிறகு அவளுக்கே ஆசை வந்துவிட்டது.

அவளுடையதில் மிதவை நன்றாக மூழ்கி, நல்ல தண்ணீரில் நிற்கும் கோட்டை ஒட்டியே நின்றது. காலையில் விட்டேன், அதே கோடு. மாலையில் விட்டேன், அதே கோடு. அடுத்த நாளும் நகரவில்லை. கிணற்றுத் தண்ணீர்கூட இந்தப் பக்கத்தில் அவ்வளவு நன்றாக இருக்காது. பிறகு என்னுடையதில் விட்டேன். வெயிலில் நின்று வந்தவன் அல்லவா, மிதவை எகிறிக்கொண்டு கடல் தண்ணீர் கோட்டுக்கும் மேலே நின்றது!

அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “யோவ், நோவு உனக்குத்தான்யா. நீ போய் ஆஸ்பத்திரில படு. நான் பஸ்ஸுல வந்து உன்னைப் பாத்துட்டு, புதுச்சேரில டீ குடிச்சிட்டு வர்றேன்” என்றாள்.

மேஸ்திரிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. “ஏம்பா சுப்ராயா, கண்ணாடியை எதுல வுட்ட?” என்றார்.

“தண்ணிலதான்.”

“எந்தத் தண்ணி?”

“வீட்டுத் தண்ணி.”

கையை மோந்து பார்த்துவிட்டு என்னைத் துரத்தினார். கழுவிக் கழுவி வெயிலில் காய வைத்துக்கொண்டிருக்கிறார்.

ஆஸ்பத்திரி நாள் நேற்று. நாங்கள் போகவில்லை. பஸ்ஸில் அவள் படுகிற பாட்டை நீ பார்க்கவில்லை. கனமே இல்லாத உடம்பை எதற்கு ஊசியால் குத்த வேண்டும்? நேற்று கருவாட்டுக் குழம்பு வைத்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

பலகையில் மீதி என்ன எழுதியிருக்கிறது என்று எழுது. பாதியே இவ்வளவு நல்லது செய்தது.

அப்பா


பெங்களூரு
20.5.2024

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும். தாமதத்துக்குக் கோபிக்க வேண்டாம். எழுத உட்கார்ந்தேன், எழுந்தேன், அப்படியே நாள் போய்விட்டது.

மிதவையை மேஸ்திரியிடமே விட்டுவிடுங்கள். ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை போய் வாருங்கள். வண்டிக்கு நான் ஏற்பாடு செய்கிறேன், பஸ் வேண்டாம். கருவாடு வேண்டாம் அம்மா.

இன்றைக்கு இரண்டு செம்புக் கிண்ணங்களைப் பற்றி எழுதுகிறேன். ஒன்றின் வாயோடு ஒன்றின் வாயைச் சேர்த்து வைத்து, உள்ளே இருந்த காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டார்கள். ஜெர்மனி நாட்டில் ஒரு ஊர்த் தலைவர் செய்தது. இந்தப் பக்கம் குதிரைகள், அந்தப் பக்கம் குதிரைகள் கட்டி இழுத்தார்கள். பிரியவில்லை. பசை இல்லை, ஆணி இல்லை. வெளியே இருக்கிற காற்றே அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. இங்கே இருக்கிற சின்னக் கிண்ணத்தைப் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் பார்க்கிறார்கள். நானும் துடைக்கும்போது யாரும் பார்க்காத நேரத்தில் இழுத்துப் பார்த்தேன்.

லீவு கேட்டிருக்கிறேன். கிடைத்ததும் வருகிறேன்.

வினோதினி


மரக்காணம்
3.6.2024

அன்பு மகள் வினோதினிக்கு. நீ நலமா என்று இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன்.

வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். நாங்கள் வழக்கமாகப் பார்க்கிற டாக்டர் இல்லை. வேறு ஒரு சின்ன டாக்டர். சீட்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், “உங்க பொண்ணுகிட்ட எல்லாம் சொல்லியிருக்குதே” என்று கத்தினார். அதே மாத்திரையை எழுதிக் கொடுத்தார். அம்மா திரும்பி வரும்போது வண்டியிலேயே தூங்கினாள். கோட்டக்குப்பத்தில் விழித்து, “வீடு வந்துடுச்சா?” என்று கேட்டாள். இன்னும் முக்கால்வாசித் தூரம் இருந்தது.

உன் கிண்ணக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். எல்லாரும் ரசித்தார்கள். நானும் ரசித்தேன். ஆனால் நீ மிதவையைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. மீதிப் பலகை வரவில்லை. நான் அவ்வளவு சந்தோஷமாக எழுதியும் உனக்குச் சந்தோஷம் வரவில்லை.

அதனால் பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து யோசித்தேன். பாத்தியிலிருந்து வடிகிற தண்ணீர் நல்ல தண்ணீராக இருந்தால் உப்பு எங்கே இருக்கும்? பாத்தியில்தான் இருக்கும். அவள் தின்கிற உப்பெல்லாம் எங்கே போகிறது? கால் வீங்குகிறது. முகம் வீங்குகிறது. எனக்கு இது அன்றைக்கே தோன்றியிருக்க வேண்டும். சந்தோஷத்தில் தோன்றவில்லை.

இப்போது வேறு சேதி. எனக்கு மனதுக்குள் படிக்க வந்துவிட்டது! பிரியங்கா டீச்சரிடம், “சத்தம் வராம படிக்கச் சொல்லிக் குடும்மா” என்று கேட்டேன். “வாயில தண்ணி வச்சிக்கிட்டுப் படிங்க தாத்தா” என்றது. முதலில் சட்டையெல்லாம் நனைந்தது. ஒரு தடவை முழுங்கிப் புரையேறியது. பிறகு பழகிவிட்டது. தண்ணீரோடு கன்னம் உப்பிக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பதை அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு அளந்துதானே கொடுக்கிறேன். “துப்பிடாதய்யா, முழுங்கு” என்றாள்.

நேற்று தண்ணீர் இல்லாமலே ஒரு பக்கம் படித்தேன். உதடு அசையவில்லை. எழுத்து தானாக உள்ளே வந்து பேசியது. அது ஒரு ஆச்சரியம் மகளே. என் காது மந்தமெல்லாம் அங்கே இல்லை. தெளிவாகக் கேட்டது.

அதனால் நீ இனிமேல் யோசிக்காமல் எழுதலாம். நான் மட்டும் படிப்பேன். இதையும் வாயை மூடிக்கொண்டுதான் எழுதினேன்.

அப்பா


பெங்களூரு
11.6.2024

அப்பா, அம்மா பக்கத்தில் இருந்தால் இதை மடித்து வைத்துவிட்டுப் பிறகு பிரியுங்கள். வாயில் தண்ணீர் இருக்கட்டும்.

அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய்விட்டன. மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்யலாம், ஆனால் அவளுடைய இதயம் அதைத் தாங்காது என்று டாக்டர் சொன்னார். நான் நம்பாமல் எல்லா ரிப்போர்ட்டையும் இங்கே வேறு இரண்டு டாக்டர்களிடம் காட்டினேன். அவர்களும் அதையே சொன்னார்கள். மழைக்காலத்தைப் பார்ப்பது சந்தேகம் என்றார்கள். மாத்திரை மூச்சுத் திணறலைக் கொஞ்சம் குறைக்கத்தான். வேறு எதற்கும் இல்லை.

அன்றைக்கே உங்களிடம் சொல்லத்தான் வெளியே வந்தேன். நீங்கள் இருவரும் பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்திருந்தீர்கள். உங்கள் காதில் விழ வேண்டுமானால் நான் கத்த வேண்டும். அதை எப்படி அப்பா கத்திச் சொல்வது? வீட்டிலும் அப்படித்தான். ஜான்சி அக்காவிடம் போனில் சொன்னால் அன்றைக்கே அம்மாவுக்குப் போய்விடும். கடிதத்தில் எழுதினால் நீங்களே அம்மாவுக்குப் படித்துக் காட்டுவீர்கள். எனக்கு வழியே இல்லை.

மீதிப் பலகையை உங்கள் கடிதம் வந்த பிறகு கிருபாவை வைத்துப் படித்தேன். நன்றாக வேலை செய்கிற சிறுநீரகம் ஒரு நேரம் கனமாகவும் ஒரு நேரம் லேசாகவும் அனுப்புமாம். கெட்டுப்போனதற்கு அது முடியாதாம். காலையோ மாலையோ ஒரே கோட்டில், லேசாக நிற்குமாம். நீங்கள் பாத்தியோரத்தில் யோசித்தது சரிதான்.

ஆஸ்பத்திரிக்கு அந்த ஒரு நாள் போகாததால் எதுவும் மாறிவிடவில்லை. அதை நினைத்து வருந்தாதீர்கள். கருவாடு வேண்டாம் என்று இனி நான் சொல்ல மாட்டேன். கேட்டதைக் கொடுங்கள்.

லீவு கிடைத்துவிட்டது. இருபத்தொன்பதாம் தேதி, சனிக்கிழமை, வந்துவிடுவேன். அவள் இருக்கிற வரைக்கும் இருப்பேன்.

வினோதினி


மரக்காணம்
22.6.2024

என் மகளுக்கு.

கடிதம் வந்தது. தபால்காரர் கொடுக்கும்போது அம்மா வாசலில் மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடித்து வைக்கத்தான் நினைத்தேன். ஆனால், “பொண்ணு கடிதாசியா? இப்பவே படி” என்றாள். மடித்து வைத்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். அதனால் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து பிரித்தேன். முழுவதும் படித்தேன். உதடு அசையவில்லை. நல்ல வேளை, படிக்கக் கற்றுக்கொண்டேன்.

“இன்னாய்யா, வாயே தொறக்கல? என்ன எழுதியிருக்கா?” என்று கேட்டாள். ஜான்சியும் வந்து நின்றது.

நான் தாளைப் பார்த்துக்கொண்டே சத்தமாக ஆரம்பித்தேன். அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் என்று. நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம் என்று. பிறகு இன்றைக்கு ஒரு தராசைப் பற்றி எழுதுகிறேன் என்று. எங்கிருந்து அந்தத் தராசு வந்தது என்று எனக்கே தெரியாது. உன் எழுத்தைப் பார்த்துக்கொண்டே வேறு ஒன்றைப் படித்தேன். பிரியங்கா டீச்சர் இதைச் சொல்லித் தரவில்லை.

மரமே இல்லாத ஒரு நாட்டில் ஒரு ராஜா இருந்தார் என்று படித்தேன். அவருடைய ஜனங்கள் நாளெல்லாம் வெயிலில் வேலை செய்தார்கள். வேறு நாட்டிலிருந்து நிழல் வாங்கி வரலாம் என்று ராஜா நினைத்தார். வாங்குவதென்றால் நிறுக்க வேண்டுமே, அதற்காக நிழலை எடை போடுகிற தராசு ஒன்று செய்யச் சொன்னார். அது இப்போது மகள் துடைக்கிற கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. தட்டு வெள்ளைத் துணி. முள் மயில் இறகுக் காம்பு.

அம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏன்யா, உன் வெரல் நகரவே இல்ல?” என்றாள்.

நான் எழுத்தைத் தொட்டுத் தொட்டு விரலை நகர்த்தித்தான் படிப்பேன் என்பது அவளுக்குத் தெரியும். அவளுக்கு எழுத்து தெரியாது. ஆனால் இத்தனை மாதம் என் விரலைப் பார்த்திருக்கிறாள். உடனே விரலை வைத்து நகர்த்தினேன். சிறுநீரகம் என்று நீ எழுதியிருந்த இடத்தில் விரல் இருந்தது.

அவள் மூட்டையில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். ஜான்சியைப் பார்த்து, “உப்பளத்துல அந்தத் தராசு இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும், இல்லடி?” என்றாள். பிறகு என்னிடம், “புளியமரத்து நெழல் கனமா, வேப்பமரத்து நெழல் கனமா? அதை எழுதியிருக்காளா, பாரு” என்றாள்.

தாளைத் திருப்பி ஓரத்தைப் பார்த்தேன். “இடம் முடிஞ்சிபோச்சி, அடுத்த கடிதாசில எழுதறேன்னு போட்டிருக்கா” என்றேன்.

“எழுதணும்னு இல்ல. அவதான் வர்றாளே” என்றாள். உனக்கு லீவு கிடைத்ததை நான் அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு தினமும் கேட்கிறாள். ஜான்சி புளியமரம்தான் என்கிறது. அம்மா வேப்பமரம் என்கிறாள். சாப்பாடு இறங்கவில்லை, பேச்சும் பாதிப் பேச்சாகிவிட்டது. இதை மட்டும் முழுதாகக் கேட்கிறாள். இன்றைக்குக் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை மகளே. நீ மியூசியத்தில் இருப்பவள், யோசித்து வா. எந்த மரத்தைச் சொன்னாலும் சரி. சனிக்கிழமை வந்ததும், பையைக்கூட இறக்கி வைக்காமல், வாசலில் இருந்தே சொல்லிவிடு. என் காதுக்கும் கேட்க வேண்டும், கத்திச் சொல். இதைக் கத்திச் சொல்லலாம்.

அப்பா